மனத்துக்கும் மருந்துண்டு

நுழையும்முன்

உடலுக்குக் காய்ச்சல் வருவதுபோல மனத்துக்கும் நோய் வருவதுண்டு. உடல்நோய்க்கு மருந்து இருப்பதுபோல மனநோய்க்கும் மருந்து உண்டு. மனச்சோர்வு நோய்க்கு வழங்கப்படும் மருந்து எவ்வாறு செயல்படுகிறது, அதனை எவ்வாறு பாதுகாப்பாக உட்கொள்ள வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஒரு வீட்டில் நிகழ்வது

மாணவர்களே, காட்கோபரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தை அதிகாலையில் வேலைக்குச் செல்கிறார். தாய் சில மாதங்களாகச் சரியாக உறங்குவதில்லை. நாள்தோறும் வாசலில் கோலமிட்டவர் அதனை நிறுத்திவிட்டார். சமைத்ததைப் பிறருக்குப் பரிமாறுகிறார், தாம் உண்பதில்லை. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தாலும் ஓரிரு சொற்களோடு முடித்துக்கொள்கிறார்.

உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் தாய் மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். பத்து நாள்கள் அதனை உட்கொண்ட தாய், "ஒரு மாற்றமும் இல்லை, குமட்டல்தான் மிச்சம்" என்று கூறி, மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

மருத்துவர் இந்தியில் பேசினார். மருந்துக்கடைக்காரர் மராத்தியில் பேசினார். மாத்திரை அட்டையில் இருப்பதோ ஆங்கிலம். வீட்டில் இம்மூன்று மொழிகளையும் நன்கு அறிந்தவள் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒருத்திதான். புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பலவற்றில் இந்நிலையே உள்ளது. மின்கட்டணச் சீட்டைப் படிப்பவரும் பிள்ளை. மருத்துவச் சீட்டைப் படிப்பவரும் பிள்ளை. அம்மகள் எவற்றை அறிந்திருந்தால் தாய்க்கு உதவ முடியும்?

துயரமும் நோயும்

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருந்துகிறோம். அன்புக்குரியவரை இழந்தால் அழுகிறோம். இவை இயல்பான துயரங்கள். நாள்கள் செல்லச் செல்ல, பிறரோடு பேசப் பேச இவை தணியும்.

மனச்சோர்வு நோய் இதனின் வேறுபட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் வாடியிருத்தல், விரும்பிய செயல்களிலும் நாட்டம் இல்லாமை, உறக்கமும் பசியும் மாறுதல், உடல் களைத்தல், எதிலும் மனம் ஒன்றாமை, தம்மைத் தாமே பழித்துக்கொள்ளுதல் ஆகியன இதன் அறிகுறிகள். சிலருக்குத் தலைவலியாகவும் உடல்வலியாகவும் மட்டுமே இது வெளிப்படும்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் உள்ளது என்று அது தெரிவித்தது. ஆகவே, இந்நோய் அரிதானதன்று. சோம்பலாலோ, மனவலிமை இன்மையாலோ, பேய் பிடித்தலாலோ வருவதும் அன்று.

நோய் மிதமாக இருப்பின், மனநல ஆலோசகரிடம் முறையாகப் பேசுவதே போதுமானதாக அமையலாம். நோய் கடுமையாக இருப்பின், பேச்சுவழிச் சிகிச்சையோடு மருந்தும் தேவைப்படும். எது தேவை என்பதை முடிவு செய்பவர் மருத்துவர்.

பம்பாயில் தொடங்கிய வினா

மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றில் நம் மும்பைக்கும் ஓரிடம் உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் நாட்டு மருத்துவர்கள் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். காட்கோபரிலிருந்து மத்திய இரயில் பாதையில் சென்றால் பரேல் நிலையம் வரும். அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் உடைய 50 நோயாளிகளுக்கு அவ்வேரிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தார். அவரது கட்டுரை 1949 ஆம் ஆண்டு பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளிவந்தது. உலக மருத்துவர்கள் பலர் அச்செடியின்பால் கவனம் செலுத்தினர். 1952 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால், அதனை உட்கொண்டோர் சிலர் மனம் வாடிப்போனதாக மருத்துவர்கள் குறித்தனர். விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, இம்மருந்து மூளையில் செரோட்டோனின் முதலிய சில வேதிப்பொருள்களின் அளவைக் குறைப்பது தெரிந்தது.

அதே காலத்தில் இதற்கு எதிரான நிகழ்வு ஒன்று நியூயார்க்கு நகரில் நிகழ்ந்தது. அங்குள்ள சீவியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தை 1952 ஆம் ஆண்டு கொடுத்தனர். படுக்கையில் வாடிக் கிடந்தோர் பலர் எழுந்து உலவினர்; உற்சாகத்தோடு பேசினர்; சிலர் ஆடவும் செய்தனர். அம்மருந்து மேற்கூறிய வேதிப்பொருள்கள் மூளையில் சிதையாமல் காத்தது. எனினும், அது கல்லீரலுக்குக் கேடு விளைவித்ததால் பின்னர்க் கைவிடப்பட்டது.

ஒரு மருந்து அவ்வேதிப்பொருள்களைக் குறைத்தது. சிலர் மனம் வாடினர். மற்றொரு மருந்து அவற்றைப் பெருக்கியது; பலர் மனம் தெளிந்தனர். "அப்படியாயின், மனநிலைக்கும் இவ்வேதிப்பொருள்களுக்கும் தொடர்பு உண்டா?" என்னும் வினா பிறந்தது. அதற்கு விடை தேடிய ஆய்வுகளின் வழியே புதிய மருந்துகள் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்றது ஃபுளூவாக்செடின். அமெரிக்காவின் இண்டியானாபோலிசு நகரிலுள்ள எலி லில்லி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இதனைப் பற்றி 1974 ஆம் ஆண்டு முதற்கட்டுரையை வெளியிட்டனர். 1987 டிசம்பரில் அமெரிக்க அரசு இதனை மனச்சோர்வு மருந்தாக ஏற்றது. இன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. செர்ட்ராலின், எசிட்டலோபிராம் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மூளையில் நிகழ்வது

மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்த நரம்பு செல்லுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. முதற்செல், செய்தியைச் சுமந்து செல்லும் வேதிப்பொருளை அவ்விடைவெளியில் வெளியிடும். இதனை நரம்புணர்வு கடத்தி என்பர். செரோட்டோனின் அத்தகைய கடத்திகளுள் ஒன்று. அது அடுத்த செல்லைச் சென்று தொட்டுச் செய்தியை அளிக்கும். பின்னர் முதற்செல்லே அதனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

காட்கோபர் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவிலிருந்து இறங்குவோர் நடைமேம்பாலத்தின் வழியாக மின்தொடர் வண்டியின் நடைமேடைக்கு வருகின்றனர். மெட்ரோ நிலையத்தை முதற்செல் என்றும், நடைமேம்பாலத்தை இடைவெளி என்றும், எதிரிலுள்ள நடைமேடையை அடுத்த செல் என்றும் கொள்வோம். செய்தி கொண்டு வந்தோர் அதனை அளித்துவிட்டு மெட்ரோவுக்கே திரும்புகின்றனர். அவர்கள் திரும்பிச் செல்லும் வாயில்கள் சிலவற்றை மூடிவிட்டால் என்ன ஆகும்? பாலத்தில் நிற்போர் தொகை கூடும். அவர்கள் மீண்டும் மீண்டும் எதிர்நடைமேடையை அடைவர். ஃபுளூவாக்செடின் செய்வதும் இதுவே. அது செரோட்டோனினைப் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளதைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைத்து, இடைவெளியில் நெடுநேரம் இருக்கச் செய்கிறது.

உடனே பயன் தெரியாதது ஏன்?

வாயில் அடைபடும் செயல் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆயினும், மனம் தெளிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முழுப்பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆவதுண்டு.

இதற்குக் காரணம், இடைவெளியில் கடத்தி மிகுதியானவுடன் நரம்பு செல்கள் தம்மை அதற்கேற்ப மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதாகும். செய்தியை ஏற்கும் இடங்களின் எண்ணிக்கையும் கூர்மையும் மாறுகின்றன. செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளும் வலுப்பெறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்க்க முடியாது அன்றோ?

செரோட்டோனின் குறைவு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று முன்னர்க் கருதினர். இன்றைய அறிவியல் அவ்வாறு எளிதாகக் கூறுவதில்லை. பரம்பரை, வாழ்க்கைத் துன்பம், பிற உடல்நோய்கள், தனிமை எனப் பல காரணங்கள் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றன. ஆதலால் மருந்தோடு உறக்கம், உணவு, உடற்பயிற்சி, மனம்விட்டுப் பேசுதல் ஆகியனவும் வேண்டும்.

பக்க விளைவுகள்

நம் உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலிலேயே உள்ளது. ஆகவேதான் மருந்தைத் தொடங்கிய முதல் நாள்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு உண்டாகின்றன. தலைவலி, உறக்கம் குறைதல், படபடப்பு, வியர்த்தல் ஆகியனவும் வரலாம். இவற்றுள் பல, ஓரிரு வாரங்களில் தாமாகவே தணியும்.

இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். பக்க விளைவு முதலில் வருகிறது. பயன் பிறகு வருகிறது. நாம் முன்னர்க் கண்ட தாய் பத்தாம் நாளில் மருந்தை நிறுத்தினார். அவர் கண்டது பக்க விளைவை மட்டுமே. பயன் தெரியும் காலம் அப்போது வரவில்லை. இச்செய்தியை அவர் மொழியில் எவரேனும் எடுத்துரைத்திருந்தால் அவர் நிறுத்தியிருக்கமாட்டார்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டோர் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாற்றப்படும்போதும், தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் மிகுவதுண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதனை மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கையாக அச்சிடச் செய்துள்ளது. எனவே, இளையோர் மருந்து உட்கொள்ளும்போது வீட்டார் அருகிருந்து கவனிக்க வேண்டும். உறக்கமே இன்றி அளவுகடந்த உற்சாகத்தோடு பேசுதலும், கடும் காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும் உண்டாதலும் மருத்துவரை உடனே நாட வேண்டிய அறிகுறிகளே.

பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

1. மருத்துவச் சீட்டின்றி இம்மருந்தை வாங்குதல் கூடாது. இந்தியச் சட்டப்படி இது மருத்துவர் சீட்டுக்கே விற்கப்பட வேண்டியது. மாத்திரை அட்டையிலும் அவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

2. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுத்தல் கூடாது. பக்கத்து வீட்டாருக்கும் அதே அறிகுறி இருக்கலாம். அவருக்குள்ள நோய் வேறாக இருக்கலாம்.

3. நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து விழுங்குதல் கூடாது.

4. நலமடைந்தவுடன் நிறுத்துதல் கூடாது. நலம் பெற்ற பின்னரும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் தொடருமாறு மருத்துவர்கள் கூறுவர். இடையில் நிறுத்தினால் நோய் மீள்வதற்கு வாய்ப்பு மிகுதி. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், கெட்ட கனவு ஆகியன வரலாம். மருத்துவரே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். இம்மருந்து மதுவைப் போல வேட்கையைத் தூண்டி அடிமைப்படுத்துவதன்று.

5. வேறு மருந்து உட்கொள்வதாயின் மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளோடு சேரும்போது இரத்தக் கசிவு மிகலாம். டிரமடால் என்னும் வலி மருந்தும், இருமல் மருந்துகள் சிலவும் இதனோடு சேர்ந்தால் தீங்கு நேரலாம். நாட்டு மருந்தாயினும் மறைத்தல் கூடாது. மது அருந்துதல் கூடாது.

6. வலிப்பு, இதயநோய், கல்லீரல் நோய் உடையோரும் கருவுற்றோரும் அதனை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

7. மாத்திரைகளைச் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஊருக்குச் செல்லும்போது

மே மாத விடுமுறையில் நம்மில் பலர் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் செல்கிறோம். புறப்படும் பரபரப்பில் மருந்தை மறந்துவிடுவதும், ஊரில் மருந்து தீர்ந்தபின் "ஊர்க்காற்றே போதும்" என்று விட்டுவிடுவதும் உண்டு. விடுமுறை முழுமைக்கும் போதுமான மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் கைப்பையில் எடுத்துச்செல்ல வேண்டும்.

ஊரில் வேறு மருத்துவரைக் காண நேர்ந்தால் அச்சீட்டை அவரிடம் காட்ட வேண்டும். ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனங்களால் வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. பெயர் வேறாக இருப்பதால் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் உட்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அட்டையில் வணிகப் பெயரோடு அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பொதுப்பெயரைப் படித்து ஒப்பிட வேண்டும்.

நான்காம் துணை

திருக்குறளில் 'மருந்து' என்பது 95 ஆம் அதிகாரம். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தில் வகுக்கிறார். மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதும் என்று அவர் கூறவில்லை. அருகில் இருப்பவரையும் சேர்த்தே எண்ணுகிறார்.

அம்மகள் இந்த நான்காம் இடத்தில் இருக்கிறாள். அவள் மருத்துவராக வேண்டுவதில்லை. தாயின் நோயைத் தீர்க்கும் பொறுப்பும் அவளுடையதன்று. அத்தகைய சுமையைப் பிள்ளைகள் தம் தோளில் ஏற்றிக்கொள்ளுதல் கூடாது. தந்தையிடமோ நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ கூறி, தாயை அவர்களோடு மீண்டும் மருத்துவரிடம் செல்லச் செய்தால் போதும். அங்கே, "குமட்டலால் அம்மா பத்து நாளில் மருந்தை நிறுத்திவிட்டார், இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கலாம். மருத்துவர் கூறுவதைத் தாய்க்குத் தமிழில் எடுத்துரைக்கலாம். தாய் தமிழில் கூறுவதை ஒன்றும் விடாமல் மருத்துவருக்குச் சொல்லலாம். மருந்து தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து, "இன்னும் மூன்று வாரம் பார்ப்போம், அம்மா" என்று கூறலாம்.

சயானிலுள்ள லோகமான்ய திலக் மருத்துவமனை, பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனை ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவையில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கான உதவி எண் 1098.

மாணவர்களே, இந்நோய் உங்களுக்கும் வரலாம். அப்போது மறைக்காதீர்கள். பெற்றோரிடம் கூறுங்கள், இயலாதெனில் ஆசிரியரிடம் கூறுங்கள். கால் முறிந்தால் கட்டுப்போட நாம் நாணுவதில்லை. மனம் வாடினால் மருந்து உண்ணவும் நாண வேண்டுவதில்லை.

சொல்லும் பொருளும்

நாட்டம் – விருப்பம்
தணிதல் – குறைதல்
நரம்புணர்வு கடத்தி – நரம்பு செல்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்
வேட்கை – மிகுந்த விருப்பம்
பேணுதல் – காத்தல், கவனித்தல்
நாணுதல் – வெட்கப்படுதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சர்ப்பகந்தா பற்றிய ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை வெளிவந்த ஆண்டு ______.
2. நம் உடலிலுள்ள செரோட்டோனினின் பெரும்பகுதி ______ உள்ளது.
3. டெலி மானஸ் உதவி எண் ______.

ஆ. சுருக்கமாக விடையளிக்க.
1. இயல்பான துயரத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஃபுளூவாக்செடின் செரோட்டோனினைப் புதிதாக உண்டாக்குகிறதா? விளக்குக.
3. ஊருக்குச் செல்லும்போது மருந்து தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை யாவை?

இ. சிந்தித்து எழுதுக.
"உடம்பு சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று உங்கள் பெரியம்மா கேட்கிறார். அவருக்கு நீங்கள் கூறும் விடையைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு மாத்திரை அட்டையைப் பெரியவர் முன்னிலையில் பாருங்கள். அதன் வணிகப் பெயர், பொதுப்பெயர், காலாவதி நாள், எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.